காளைக்குப் பேர் இருந்தது

சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. எங்கள் வீதிக்கே தெரியும். குடத்தை நிரப்புவதா, தொட்டியை நிரப்புவதா, குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சும் எதிர்வீட்டுக்காரரை மனசுக்குள் திட்டுவதா... எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை.

போன செவ்வாய்க்கிழமை அப்படித்தான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு செல்லமுத்து அண்ணன் வந்தார். முகம் சரியில்லை.

"ஏனுங்கம்மிணி, காரணமே சொல்லாம ஒருத்தர வேலைய உட்டு நிறுத்த முடியுமுங்களா?"

"நம்மூர்லயா? தாராளமா முடியுங்ண்ணா."

"நம்மூரு எனக்குத் தெரியாதுங்களா? அமெரிக்காவுல?"

குடம் வழிந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை எனக்கு. அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்துவிட்டது.

செல்லமுத்து அண்ணன் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவர். கணபதிப் பக்கம் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். இப்போது அதை வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்த ஊர்த் தோட்டத்துக்கும் இங்கேயுமாக அலைகிறார். ஒரே மகள், கோகிலா. அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். அண்ணன் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் சொந்த ஊரும் தெரியக் கூடாது, ஆளும் தெரியக் கூடாது என்பது அவர் கண்டிஷன்.)

கோகிலா என் வீட்டுப் புத்தக அலமாரியைக் கலைத்துப்போட்டு வளர்ந்தவள். எம்.ஏ. முடித்ததும் இங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். மே மாதம் வந்தால் அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒருநாள் வகுப்பில் ஏதோ பேசிவிட்டாள் என்று கூப்பிட்டு, "புத்தகத்துல இருக்கறத மட்டும் சொல்லும்மா" என்றார்கள். அன்று என் வீட்டுக்கு வந்து அப்படி ஒரு அழுகை! இந்த ஊரில் வாயைத் திறந்து பாடம் நடத்தவே முடியாதா ஆன்ட்டி என்று கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பிளேன் ஏறிவிட்டாள்.

அங்கே படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே வேலையும் கிடைத்தது. இந்த வருஷம் அவளுக்கு 'டெனியூர்' வரவேண்டிய நேரம். அண்ணன் வீதி முழுக்க, "பொண்ணு பர்மனென்ட் ஆகப்போறாளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரமடை ரங்கநாதருக்கு வேண்டுதலும் வைத்தாயிற்று.

அந்தக் கோகிலாவுக்குத்தான் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, இன்னும் ஒரு வருஷம் பாடம் நடத்தலாம், அப்புறம் கிளம்பலாம் என்று. அவ்வளவுதான். ஏன், எதற்கு... ஒரு வரி கிடையாது.

"நல்லா நடத்துறான்னு போன வருசங்கூட விருது குடுத்தாங்களேங்க" என்றார் அண்ணன். "ஒரு காரணம் வேணாமுங்களா? பட்டறைல ஒரு பையன நிறுத்துனாக்கூட, ஏன்டா லேட்டா வந்தேன்னு ரெண்டு வார்த்த வஞ்சுதானுங்க நிறுத்துவேன்."

அவருக்குப் பதில் சொல்ல எனக்காவது விவரம் தெரிய வேண்டாமா? உட்கார்ந்து இணையத்தில் தேடிப் படித்தேன்.

டெனியூர் என்பதை நாங்கள் வீதியில் 'பர்மனென்ட்' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தோம். தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. அங்கே பேராசிரியராகச் சேர்ந்தால் பல வருஷங்களுக்குச் சோதனைக் காலம். பாடம் நடத்த வேண்டும், புத்தகம் எழுத வேண்டும், கமிட்டிகளில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். பிறகு மூத்தவர்கள் கூடி ஓட்டுப் போடுவார்கள். ஜெயித்தால் டெனியூர். அதன் பிறகு தகுந்த காரணம் காட்டி, விசாரணை வைத்துத்தான் ஒருவரை அனுப்ப முடியும். எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? சோற்றுக்காக மட்டும் இல்லை, வாய்க்காக! ஆசிரியர் பயப்படாமல் பேச வேண்டும், எழுத வேண்டும் என்பதற்காக.

சரி, டெனியூர் வாங்காதவருக்கு? இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. அவரைக் காரணம் சொல்லாமலே அனுப்பலாமாம். ஆனால் பேச உரிமையுள்ள ஒன்றைப் பேசிய குற்றத்துக்காக மட்டும் அனுப்பக் கூடாதாம். ஆஹா! காரணமே சொல்லாமல் அனுப்பினால், எதற்காக அனுப்பினார்கள் என்று எப்படி நிரூபிப்பது? அது உங்கள் பாடு. போதாக்குறைக்கு, அரசு சம்பளம் வாங்குகிறவர் வகுப்பில் பேசுவது அவருடைய பேச்சா, அரசாங்கத்தின் பேச்சா என்று அங்கே கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட்டில் தீர்ப்பு வருவதற்குள் விசா முடிந்துவிடும். வேலை போனால் கோகிலாவுக்கு விசாவும் போச்சு.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டேன். வீடியோவில் வந்தாள். துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"காரணம் எனக்குத் தெரியும் ஆன்ட்டி. புரூஃப்தான் இல்ல."

"என்ன கண்ணு?"

"அம்மா ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாங்க. நீ எப்படி கிளாஸ் எடுப்பேன்னு ஒருக்கா பாக்கோணும்னு. லீவு போட்ட பசங்களுக்காக ரெக்கார்ட் பண்ணுவோம். அதுல ஒண்ண அனுப்பிவெச்சேன். அப்பா அத குரூப்புல போட்டுட்டாரு."

எந்த குரூப்? பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப். வேறு எது!

நடந்தது இதுதான். வகுப்பின் பெரிய திரையில் ஒரு பழைய போட்டோ. செல்லமுத்து அண்ணனின் அய்யன், அதாவது கோகிலாவின் தாத்தா, தலைப்பாகையும் மீசையுமாகக் காளையோடு நிற்கிறார். அமெரிக்காவில், அத்தனை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால், தன் அய்யன்! அண்ணனுக்கு இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் பிடிபடாது. எதற்குப் பிடிபட வேண்டும்? கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. உடனே ஃபார்வர்ட்.

முதல் நாள் முழுக்கக் கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்திருக்கிறது. மறுநாள் இங்கிலீஷ் புரிந்த ஒரு பங்காளி வீட்டுப் பையன் முழுசாகக் கேட்டிருக்கிறான். அவன் இருப்பதும் கோகிலா இருக்கும் அதே மாநிலத்தில்தான். சாஃப்ட்வேர் வேலை. நம் முன்னோர்களை வெள்ளைக்காரன் முன்னால் கேவலப்படுத்திவிட்டாள் என்று குரூப்பில் தமிழில் எழுதினான். பல்கலைக்கழகத்துக்கும், அந்த ஏரியா அரசியல்வாதிக்கும் இங்கிலீஷில் எழுதினான்.

அந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். முன்னோர் செய்த காரியங்களுக்காக இன்றைய பிள்ளைகள் கூனிக்குறுகும்படி வகுப்பில் பேசக் கூடாது என்கிற தினுசில். யாருக்காகப் போட்ட சட்டம்? வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்காக. நம் தாத்தாவுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்திவிட்டது.

"டீன் கூப்பிட்டு சிரிச்சுட்டேதான் பேசினார் ஆன்ட்டி. ஒண்ணும் பிரச்சன இல்ல, அடுத்த வாட்டி அந்த போட்டோ மட்டும் வேண்டாமேன்னார். நான் முடியாதுன்னேன். அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்கல. லெட்டர் வந்துச்சு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"எதைங்க ஆன்ட்டி? உங்களாலதான்னா?" மடித்த துணியையே மறுபடியும் உதறி மடித்தாள். "நீங்களும் சொல்லாதீங்க."

சொல்லக் கூடாது என்றுதான் அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கூப்பிட்டிருந்தார். அண்ணன் மனைவி சரோஜா அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். டிவியில் வீடியோ தயாராக நின்றது. ரிமோட் அண்ணன் கையில்.

"பாப்பா என்ன பேசியிருக்கறான்னு ஒவ்வொரு வரியா சொல்லுங்கம்மிணி. குரூப்புல ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு சொல்றானுங்க."

வேறு வழி? உட்கார்ந்தேன். அவர் நிறுத்த நிறுத்த, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போட்டோ வந்தது. அதே போட்டோ ஃப்ரேம் போட்டு, மாலையோடு, டிவிக்கு மேலேயே மாட்டியிருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. டிவியில் தெரிந்த போட்டோவில் இடது ஓரம் இன்னொரு ஆள். மேலே துணியில்லை. காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவரில் இருப்பதில் கயிறு மட்டும் இருக்கிறது. ஆள் இல்லை.

அண்ணன் மேலேயும் கீழேயும் பார்த்தார். "ஃப்ரேம் கடைக்காரன் ஓரத்த வெட்டோணும்னானுங்க. செரி, வெட்டுன்னேன்" என்றார் மெதுவாக.

கோகிலா வகுப்பில் சொன்னது இவ்வளவுதான்: 'இவர் என் தாத்தா. இந்தக் காளையின் பெயர் ராசா. எந்தச் சந்தையில் வாங்கினார்கள், எத்தனை பரிசு வாங்கியது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கயிற்றைப் பிடித்திருக்கும் இவர் எங்கள் தோட்டத்தில் பாடுபட்டு, அங்கேயே செத்துப்போனவர். இவர் பெயர் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டேன். ஞாபகமில்லை என்றார். சரித்திரம் என்று நாம் படிப்பதில் பாதி, காளையின் பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருந்தவர்கள் எழுதியது.'

அண்ணன் நிறுத்தினார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்ண்ணா."

"இதுக்கா?"

அவர் கடைசிப் பகுதிக்கு ஓட்டினார். ஒரு பையன் என்னவோ கேட்கிறான், கோகிலா பதில் சொல்கிறாள், வகுப்பே சிரிக்கிறது, அவளும் சிரிக்கிறாள்.

"இந்த எடந்தானுங்க எனக்கு ரொம்பப் புடிக்கும். சிரிக்கிறா பாருங்க. இதென்னங்க சொல்றா?"

சொன்னேன். "இதையே எங்க ஊர்க் காலேஜ்ல சொல்லியிருந்தா மறுநாள் எனக்கு வேலை இருக்காது. இங்கே சொல்லலாம். அதுக்காகத்தான் உங்க ஊர்க் குளிரைப் பொறுத்துட்டிருக்கேன்னு சொல்றா."

அண்ணன் டிவியை அணைத்தார்.

"அப்ப அங்கயும் நம்மூருதானுங்களா அம்மிணி?"

சரோஜா அக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "குரூப்புக்கு அனுப்பாதீங்க, அனுப்பாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டீங்களா?" என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆக, யாரும் சொல்லாமலே அந்த வீட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் வாயால் கேட்டால் வேறு மாதிரி இருக்குமோ என்று அண்ணன் நினைத்திருப்பார் போல.

"அந்த குரூப்பை விட்டு வெளியே வந்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"எப்படீங்க வாரது? கோயில் காரியம், கண்ணாலம் காச்சி, எழவு... எல்லாம் அதுலதானுங்க வருது. பாப்பாவ மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடச் சொல்லுன்னு தினமும் ஃபோனுங்க. நானும் செரிங்க, செரிங்கன்னுட்டு இருக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. மகள் முடியாது என்று சொல்லி வேலையை இழக்கிறாள், இவர் இங்கே செரிங்க சொல்கிறாரா! ஆனால் யாரைக் கோபித்துக்கொள்வது? அவளுக்கு அங்கே டெனியூர் இல்லை. இவருக்கு இங்கே பங்காளிகள் தரும் டெனியூர் வேண்டும். அது இல்லாமல் நாளைக்கு இவர் சாவுக்கு நாலு பேர் வர மாட்டார்கள் என்று உண்மையாகவே பயப்படுகிறார்.

கிளம்பினேன். கேட் வரைக்கும் வந்தார். வீதியில் யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பாகிட்ட ஞாபகமில்லீன்னு சொன்னது பொய்யிங்க."

நான் நின்றேன்.

"அவன மறக்க முடியுமுங்களா... என்னையத் தோளுல தூக்கிவெச்சு நோம்பிக்குக் கூட்டிட்டுப் போனவருங்க. காச்ச வந்தா ஊட்டுக்கு வெளிய நின்னு, சின்னவருக்கு எப்பிடி இருக்குதுன்னு கேட்டுட்டே இருப்பாரு. உள்ள வரக் கூடாதல்லங்க."

பெயரைச் சொன்னார். சாதாரணப் பெயர்தான். நம் எல்லோருக்கும் அந்தப் பெயரில் யாரையாவது தெரிந்திருக்கும்.

"அப்புறம் ஏங்ண்ணா அவகிட்ட சொல்லல?"

"சொன்னா அங்க கிளாஸ்ல சொல்லிப்போடுவா. இன்னாருன்னு தெரிஞ்சுபோயிரும். அவரு புள்ளைக பேரனுக எல்லாம் அதே ஊர்லதானுங்க இருக்கறாங்க. பேச்சு எங்க போயி நிக்குமோ..."

"இப்பவாவது சொல்லிடுங்க. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் வகுப்பு இருக்கு."

"சொல்றனுங்க" என்றார். இதை எழுதும்வரை சொல்லவில்லை.

"நீங்க இதையெல்லாம் எழுதுங்கம்மிணி. நாலு பேரு படிக்கட்டும்" என்று அவரேதான் சொன்னார். நான் இரண்டடி வைத்ததும் பின்னாலேயே வந்தார். "அந்தப் பேர மட்டும் எழுதிராதீங்க."

வீட்டுக்கு வந்து எழுதினேன். அந்தப் பெயரை ஓரிடத்தில் எழுதியும் பார்த்தேன். பத்திரிகை ஆசிரியர் என்ன சொல்வார், அந்த ஊர்க்காரர்கள் யாராவது பத்திரிகை ஆபீசுக்கு ஃபோன் போடுவார்களோ, அடுத்த வாரம் எழுத இந்தப் பக்கம் எனக்கு இருக்குமோ... எல்லாம் ஓடியது. அடித்துவிட்டேன்.

பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? காளையின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அது நிஜப் பெயர்தான்.