வாசலில் தொங்கிய படிகாரம்

பக்கவாதத்தில் என் கணவருக்கு வலது கையும் காலும் பேச்சும் போன பிறகு, அவருக்கு முகம் மழிப்பது என் வேலை. "எதுக்கு அண்ணி இந்த வம்பு? தாடிய விட்டுடுங்க" என்று சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனார் போனில் சொல்லாத நாளில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்; பிளேடு லேசாகக் கீறினாலும் சட்டென்று நிற்காது. அதற்கு என்னிடம் படிகாரம் இருக்கிறது. நனைத்து, கீறின இடத்தில் அழுத்திப் பிடிப்பேன். எரிச்சலில் 'ஸ்ஸ்' என்று என்னை முறைப்பார். அந்த முறைப்பில் பழைய ஆள் அப்படியே இருப்பார். அவரைத் தாடியோடு மூலையில் உட்கார வைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.

நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமனாகப் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் இவர். பத்திரிகை வைக்கத் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் தலையில் கல்லைப் போட்டாள்.

"அண்ணன் கீழ உக்காந்திருக்கட்டும் அண்ணி. பட்டத்த சின்ன அண்ணன் கட்டட்டும். நாலு பேரு பாக்குற எடம்."

இவர் பக்கத்திலேயே இருந்தார். போனது பேச்சுதான், காது இல்லை. அவள் போனதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவர்தான் கட்டுவார் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே போய் அவள் வீட்டில் தங்கினோம். விடிந்ததும் மழிக்க உட்கார்ந்தேன். அவசரத்தில் தாடையில் கீறிவிட்டது. பையைத் துழாவினால் படிகாரம் இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலிலேயே விட்டு வந்திருக்கிறேன். துண்டு சிவந்துகொண்டே போனது.

நாத்தனார் வந்து நின்றாள். "நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணி!"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் வீட்டு நிலைவாசலில் கறுப்புக் கயிற்றில், திருஷ்டிக்காகக் கட்டின பெரிய படிகாரக் கட்டி. ஸ்டூலைப் போட்டு ஏறி அவிழ்த்துவிட்டேன்.

"ஐயையோ, கல்யாண நாளும் அதுவுமா! கண்ணு படாம இருக்கக் கட்டினது அண்ணி அது!"

"இந்தக் குடும்பத்துலயே ஜாஸ்தி கண்ணு பட்டது ஒங்கண்ணன் மேலதான். மொதல்ல இவருக்கு வேலை செய்யட்டும்."

நன்றாகக் கழுவி, அழுத்திப் பிடித்தேன். 'ஸ்ஸ்' என்றார். ரத்தம் நின்றது. கட்டியை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. நானே திரும்ப ஏறிக் கட்டினேன்.

மண்டபத்தில் ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டதும் என் கொழுந்தனார் எழுந்தார். அவருக்கு முன்னால் நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். மேடைப் படியில் நின்று, "தம்பி, அந்தப் பக்கம் தூக்குங்க" என்றேன். குனிந்து தூக்கினார்.

பெண் குனிந்தாள். பட்டத்தின் நூலில் ஒரு முனையை இவர் இடது கையால் பிடித்தார். மறுமுனையை நான் எடுத்தேன்.

"பட்டத்த பொம்பள கட்டுறதா?" என்று கீழே ஒரு குரல்.

"கட்டுறது இவருதான். இது இவரோட வலது கை" என்று என் கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, முடிச்சை இறுக்கினேன்.