பலகையில் ஒரு காலி இடம்

ஹலினாவை எங்கள் ஊருக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. போரில் வீட்டை இழந்து போலந்திலிருந்து நியூசிலாந்துக்குக் கப்பலேறியவள், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் பூச வந்தாள். மாவோரிகளான எங்கள் மூதாதையர் மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். உத்தரங்களில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் பெரணி இலைச் சுருள் ஓவியங்களைப் பார்த்தபடி அப்படியே மல்லாந்து படுத்துவிட்டாள். சாப்பாட்டுக்கு என் ரங்கிமரி சித்திதான் போய் எழுப்பினாள்.

அப்புறம் அவள் ஊரைவிட்டுப் போகவே இல்லை. சித்தி வீட்டுக் கொட்டகையில் தங்கி, அந்தச் சுருள்களை வைத்தே படம் வரைந்தாள். எது எந்தக் குடும்பத்துடையது என்று கேட்காமல் ஒரு கோடு இழுக்கமாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் முகங்களை நீளப் பலகையில் வரைந்து தரச் சொன்னோம். மண்டபத்துப் பின்சுவரில் மாட்டி, விடியற்காலையில் துணியை விலக்கினோம். ஒப்பாரி எடுத்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கடைசி முகம் ரங்கிமரி சித்தியுடையது. சித்தியோ என் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள்.

செத்தவர் வரிசையில் உயிரோடிருப்பவரை வைப்பது சாவைக் கூப்பிடுவது. அந்த ஒன்றை மட்டும் ஹலினா யாரிடமும் கேட்கவில்லை.

"என்னடி, என்னை இப்பவே அனுப்பி வச்சுட்டியா?" என்றாள் சித்தி.

"சொல்லாம வரைஞ்சு சந்தோஷப்படுத்தலாம்னு நெனச்சேன்க்கா. எனக்குன்னு இருக்கிறது நீங்க மட்டும்தானே?" என்றாள் ஹலினா.

"இன்னைக்கே மூட்டையைக் கட்டச் சொல்லுங்க!" என்று கத்தினான் மண்டபத் தலைவன் தமாதி.

"நீ வாயை மூடு. செத்தா நான்தானே சாகப்போறேன், உனக்கென்ன?" சித்தி ஹலினா பக்கம் திரும்பினாள். "சுரண்டி எடுடி. இடம் காலியாவே இருக்கட்டும். நான் போனப்புறம் வந்து வரை."

சமையலறைக் கத்தியை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். ஹலினா அழுதுகொண்டே சுரண்டினாள். சித்தி தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சாப்பிடவைத்தாள்.

பல வருஷம் அந்த இடம் வெறும் மரமாகக் கிடந்தது. "உங்க சீட்டு ரெடியா இருக்கு சித்தி" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஆனால் முந்திக்கொண்டது ஹலினா. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாள். மண்டபத்தில்தான் கிடத்தினோம். அடக்கம் முடிந்ததும் சித்தி அவளுடைய புகைப்படம் ஒன்றை என் கையில் கொடுத்து, பலகையைக் காட்டினாள்.

"அவ நம்ம ரத்தம் இல்லையே" என்றான் தமாதி.

"நம்ம செத்தவங்க முகத்தை ஒவ்வொண்ணா உத்துப் பாத்து வரைஞ்சவ அவ. அவங்களுக்கு அவளைத் தெரியும். உனக்கு அதுல பாதிப் பேரோட பேரு தெரியுமாடா?"

 நான் காலி இடத்தில் படத்தை மாட்டினேன். மூக்கில் சிவப்புச் சாயத்தோடு ஹலினா சிரிக்கிற படம்.

சித்தி கிட்டே போய் அதைத் தொட்டாள். "என் இடத்துல உக்காந்துட்டியேடி. சரி, இரு. நான் வரும்போது கொஞ்சம் நகந்துக்கோ."