புள்ளடி மறையும் நேரம்

போன கிழமை மின்சாரம் நின்றுபோன நேரத்தில் நுளம்புக்கடி தாங்காமல் திரி கொளுத்தலாம் என்று தீக்குச்சியை உரசினேன். மழைக்கு ஈரம் ஏறிய பெட்டி. முதல் இரண்டு குச்சிகளும் புகைந்தே அணைந்தன. அடுத்தது பற்றியபோது மூக்கில் ஏறிய கந்தக நெடியில் திரியையும் மறந்தேன், நுளம்பையும் மறந்தேன். "என்னப்பா, விரலைச் சுடப்போகுது, கீழ போடுங்கோ!" என்று மனைவி கத்திய பிறகுதான் கையை உதறினேன். வயது போனதால் மறதி என்று அவள் நினைத்திருப்பாள். மறதியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்கும் இதே நெடிதான். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற நீளமான ஓட்டுக் கட்டடம் அது. ஒரு பக்க யன்னலால் கடற்காற்று வரும், மறு பக்க யன்னலால் எங்கள் நாற்றம் போகும். எழுபதுகளில் அங்கே உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்த எங்களுக்குத் தாக்கவீதம், அதாவது இரண்டு கரைசல்கள் சேர்ந்து மாறும் வேகம், அளக்கும் பரிசோதனை என்றால் கொண்டாட்டம். அதில் ஒரு சின்ன மாயவித்தை இருந்தது. கடதாசியில் பென்சிலால் அழுத்தி இரண்டு கோடுகளைக் குறுக்காகக் கீறி ஒரு புள்ளடி போட்டு, அதன்மேல் கண்ணாடிக் குடுவையை வைப்போம். குடுவைக்குள் இருக்கும் தயோசல்பேற்றுக் கரைசல் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அமிலத்தை ஊற்றியதும் கந்தகம் பிரிந்து மெல்ல மெல்லப் பால் மாதிரிக் கலங்கும். மேலிருந்து பார்ப்பவன், புள்ளடி முற்றாக மறைந்ததும் "போச்சு" என்று சொல்ல வேண்டும். மற்றவன் நேரத்தைக் குறிக்க வேண்டும். செறிவு கூடிய கரைசலில் கெதியாக மறையும், குறைந்ததில் ஆறுதலாக மறையும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

எங்கள் மேசையில் நேரம் பார்ப்பது நான். அது என் திறமைக்குக் கிடைத்த பதவி அல்ல, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டுக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலைசெய்த என் தகப்பனாருக்கு வேலை போய்விட்டது. ஒரு மாலுமி கழற்றிக் கொடுத்த அந்த மணிக்கூடு மட்டும் மிஞ்சியது. அதைக் காட்டுவதற்காகவே நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புள்ளடியைப் பார்ப்பது மரியதாஸ். கடற்கரைத் தெருப் பையன். தகப்பன் சொந்தமாகக் கரைவலை வைத்திருந்தவர். "படிச்சது காணும், வலைக்கு வா" என்று தவணைக்குத் தவணை கேட்பார். மரியதாஸுக்கோ அந்தத் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்ற வெறி. குடுவைக்கு மேலே குனிந்தால் அவனுடைய உதடு அசையும். அருள் நிறைந்த மரியாயே செபம் சொல்லுவான். "கந்தகம் கெதியா வரட்டும் எண்டு மாதாவை மன்றாடுறியோடா?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவன் சிரிக்கமாட்டான். ஆனால் வரைபு கீறினால் எங்கள் கோடு மட்டும் அடிமட்டம் வைத்த மாதிரி நேராக வரும். மற்ற மேசைக்காரர் பொறாமையில் வெந்தார்கள்.

எங்கள் இரசாயன சேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நன்றாகப் படிப்பிப்பார், ஆனால் சந்தேகப் பேர்வழி. முந்திய வருடத்துக் கொப்பிகளைப் பார்த்து நாங்கள் விடை எழுதுகிறோம் என்பது அவருடைய தீராத கவலை. அதற்கு அவர் ஒரு பொறி வைத்திருந்தார். ஏதாவதொரு மேசையின் அமிலப் போத்தலில் வெறும் தண்ணீரை நிரப்பிவிடுவார். நேர்மையானவன் எழும்பி, "சேர், ஒண்டும் நடக்கேல்ல" என்பான். கள்ளன் நேரம் சொல்லுவான். இந்த ஏற்பாடு எங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் போத்தல் எங்கள் மேசையில் இருந்தது.

நான் ஊற்றிவிட்டு விநாடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரியதாஸின் உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில், வழக்கமான நிதானத்தோடு, "போச்சு" என்றான். நேரத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். குடுவையில் தெளிந்த தண்ணீர். அடியில் புள்ளடி கன்னங்கரேலென்று கிடந்தது. நான் வாய் திறக்க முந்தியே சேரின் கை அவனுடைய கொலரில் இருந்தது.

"என்னடா போனது? எங்க போனது? கண்ணைப் பிடரியிலயே வச்சிருக்கிறாய்?"

மரியதாஸ் குடுவையைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். மறையவில்லை என்று நான் தலையாட்டினேன். அது அவனுக்குத் தெரிந்திருக்காது.

"பழைய கொப்பியைப் பாத்துப் பாடமாக்கினனீ, என்ன?"

"ஓம் சேர்" என்றான் மரியதாஸ். "பாடமாக்கித்தான் சொன்னனான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சேர் அவனுக்குக் கன்னத்தில் ஒன்று கொடுத்து, இனி ஆய்வுகூடப் படியில் கால்வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டார். அவன் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனான். அதற்கும் சிரித்தார்கள்.

பின்னேரம் இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். கோட்டை வாசலடியில் மான்கள் வழக்கம்போல வீதியை மறித்து நின்றன. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ஆரின்ர கொப்பியடா அது? எனக்கும் ஒருநாளும் காட்டேல்லையே!"

"கொப்பி ஒண்டுமில்லை. எனக்குப் புள்ளடி தெரியிறேல்ல." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னான். "போன தவணையில இருந்து நடுவில ஒரு மூட்டம் மாதிரி. ஓரமெல்லாம் தெரியுது, நேர பாக்க ஏலாது. செறிவு தெரிஞ்சா நேரத்தைக் கணக்குப் பண்ணலாம்தானே. ஒரு செபம் சொல்ல எவ்வளவு செல்லுமெண்டு முந்தியே உன்ர மணிக்கூட்டில பாத்து வச்சனான்."

"அப்ப எப்பிடிப் படிக்கிறாய்?"

"தங்கச்சி வாசிப்பாள். அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

"சேரிட்டச் சொல்லியிருக்கலாமேடா! கள்ளன் எண்டு பேர் வாங்கிப்போட்டு வாறாய்!"

"கள்ளன் எண்டா அடிச்சுப்போட்டு விட்டிடுவினம். கண் தெரியாதவன் எண்டா வீட்டில இருத்திப்போடுவினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மான்களைத் துரத்துவது போல மணியை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மறைத்துவைக்க அவனுக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாரோ ஒரு பெண்ணை "அம்மா" என்று கையில் பிடித்திருக்கிறான். பின்னால் நின்ற தாய் அதைப் பார்த்துவிட்டாள். கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். கண்ணுக்குப் பின்னாலுள்ள நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, எப்போது வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். கேள்விப்பட்டதும் சேர் அவனுடைய வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். படலையைத் திறக்காமலே தாய், "இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள், சேர்?" என்று கேட்டாள். வெயிலில் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினோம். அதற்குப் பிறகு அவர் எந்தப் போத்தலிலும் தண்ணீர் நிரப்பவில்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மரியதாஸ் வலைக்குப் போனான். கயிறு இழுக்கக் கை போதும். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தது நடந்துவிட்டது, ஆனால் அந்த மனுசன் அதற்காக ஒருநாளும் சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு விடுமுறையில் போனபோது மரியதாஸ் மணலில் குந்தியிருந்தான். நான் பக்கத்தில் இருந்து கதைக்கக் கதைக்க, அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னில கோவமோடா? அங்காலயே பாத்துக்கொண்டிருக்கிறாய்."

"இல்லையடா. நேர பாத்தா நீ இல்லை. கடலைப் பாத்தாத்தான் ஓரத்தில நீ இருக்கிறாய்."

அதுதான் கடைசிச் சந்திப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கலவரத்தில் அந்தத் தெரு எரிந்தது. இப்போது அங்கே அந்த வீடுகளும் இல்லை, வலை வைக்கும் வாடிகளும் இல்லை. ஆய்வுகூடமும் இல்லை, அந்த இடத்தில் ஒரு மண்டபம் கட்டிவிட்டார்கள். சேரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மரியதாஸின் தாயும் தங்கையும் தப்பி வெருகல் பக்கம் போனார்கள். அவன் அவர்களோடு போய்ச் சேரவேயில்லை. நெரிசலில் அவன் தங்களைத் தவறவிட்டுவிட்டான் என்றும், யாரோ அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதைக் கண்டதாகவும் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். அந்தப் புகைக்குள் அவனுக்கு ஓரமும் தெரிந்திருக்காது. யாரோ பிடித்துத்தான் இருக்க வேண்டும். அந்தத் தெருவாட்கள் யாரைக் கண்டாலும் இப்போதும் விசாரிக்கிறேன். நான்தான் பிடித்தேன் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.