டஜனுக்குப் பத்தொன்பது

சின்ன வயதில் என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளே கிடையாது. நான் பேசுவது மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிறது என்று அப்பா கிண்டல் செய்வார். தி.நகரில் ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் டீச்சர், நான் ‘டஜனுக்குப் பத்தொன்பது’ பேசுகிறேன் என்று இங்கிலீஷில் சொல்ல, வகுப்பே சிரித்தது. ஓயாமல் படபடவென்று பேசுகிறவர்களை அப்படிச் சொல்வார்களாம். மானம் போயிற்று. இனிமேல் பேசவே கூடாது என்று வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தைக்குத்தான் தாங்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அத்திம்பேர் காய்ச்சலில் திடீரென்று போனபிறகு எங்களோடு வந்துவிட்டாள். வருஷம் திரும்பும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்று பெரியவர்கள் கட்டளை. சாயங்காலமெல்லாம் அவளிடம்தான் நான் வாயளப்பேன். பதில் வராது, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். நான் மௌன விரதம் பிடித்ததும் என்னடி, என்னடி என்று துளைத்தாள். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்தையைக் காணோம். வீடே அல்லோலகல்லோலம். அம்மா கிணற்றடிக்கு ஓடி உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் பாய, எதிரே மூச்சிரைக்க அத்தையே வந்தாள். அடுத்த தெரு லெண்டிங் லைப்ரரிக்குப் போயிருந்தாளாம்!

“இங்கிலாந்துல சுரங்கத்துக்குள்ள தண்ணி ஊறிண்டே இருக்குமாம்டி. பன்னண்டு கூடை கரி போட்டா பத்தொம்பதாயிரம் கேலன் தண்ணியை இறைச்சுக் கொட்டற மிஷின் வெச்சிருந்தாளாம். அதுலேர்ந்து வந்த பேச்சாம். நிஜமோ கதையோ, புஸ்தகத்துலயே நிச்சயமாச் சொல்லலை. ஆனா மிஷின் நின்னா உள்ள இருக்கறவா கதி என்னடி? நீ பேசு!”

வந்த நாளிலிருந்து அத்தை அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. திட்ட வாயெடுத்த அப்பா அப்படியே உள்ளே போய்விட்டார். நான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இன்று ஊர் ஊராகப் போய் மேடையில் பேசிப் பிழைக்கிறேன் என்றால் அது அத்தை போட்ட பிச்சை. ஒரு குழந்தையின் அழுகைக்காகப் படி தாண்டினாளே, புண்ணியவதி! என்னைக் காப்பாற்றத்தான் போனாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் ஒன்றுதான்: காலையிலேயே தண்ணீர் இறைத்தாகிவிட்டதே, அத்தையைத் தேடி அம்மா எதற்குக் கிணற்றை எட்டிப் பார்த்தாள்?