மூச்சுக்கு ஆடும் முள்

அக்கா வீட்டுப் பேஸ்மென்டில் அந்தத் தராசு இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. கையகலத் தட்டு, மெல்லிய கோல், கோலின் நுனியில் ஒரு முள். கடுகளவு வெடிமருந்து கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் நின்று யாராவது மூச்சுவிட்டாலும் ஆடும். அதனால் அத்தான் நிறுக்கும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தம் கேட்டு ஓடிவந்த மனிதர், இந்தக் குளிர்தேசத்தில், கர்க்லாண்டில் வீடு வாங்கிய கையோடு துவக்கும் வாங்கினார். அவருக்கு விசர் என்றே எங்கள் சனம் கதைத்தது. ஆனால் அவர் ஒரு புறாவைக்கூடச் சுட்டதில்லை. "உயிருக்கில்லைப் பிள்ளை, கடதாசிக்கு" என்பார். நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி. ஐந்து தோட்டா. ஐந்தும் ஒரே ஓட்டைக்குள்ளால் போகவேண்டும். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைத் தோட்டா அவருக்குச் சரிவராது. ஒன்றைப்போல ஒன்றில்லை என்பார். சுட்டுமுடித்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, நீளம் பார்த்து, நிறை பார்த்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மருந்து நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை அமர்த்துவார். ஐம்பது தோட்டாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். ஹீற்றர் ஊதும் காற்றில் முள் ஆடும் என்று தை மாதத்திலும் அதை நிறுத்திவிடுவார். மேலே அக்கா இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு, "நாங்கள் விறைச்சுச் செத்தாலும் உந்த மனுசனுக்கு முள்ளு ஆடக்கூடாது" என்று பொரிந்து தள்ளுவாள். ஹீற்றர் நின்ற வீட்டின் அமைதி எனக்குப் பிடிப்பதேயில்லை. சுவர் முழுக்க ஓட்டை விழுந்த கடதாசிகள் வேறு. அவற்றுக்கு முதுகு காட்டி நிற்க எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் இருந்தது.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். அவரிடம் இருந்தவை இரண்டு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கறுத்த சீனி மாதிரி. ஒன்று மெல்ல எரியும், மற்றது சட்டென்று எரியும். கலந்துவிட்டால் எந்தத் தோட்டா எப்படி வெடிக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. துவக்கே சுடுகிறவன் முகத்தோடு சிதறிப்போகலாம். இதை அவர் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு நானும் கணவரும் அங்கே போயிருந்தோம். மத்தியானம் நான் கீழே இறங்கி, "அத்தான், புட்டு ஆறுது, மூச்சை விட்டிட்டு மேலை வாங்கோ!" என்று பகிடியாகக் கத்தினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நிறுத்து மிஞ்சிய மருந்தைக் கைக்கு எட்டிய டப்பாவில் கொட்டி மூடினார். மேசையில் அன்று இரண்டு டப்பாக்கள் இருந்தன. நான் கண்டேன். புட்டு நினைவில் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அவரிடம் சுடப் பழகியிருந்த என் கணவர், அந்தக் கிழமை அவர் செய்துகொடுத்த தோட்டாப் பெட்டியோடு சனி காலை தனியே சுடுகளத்துக்குப் போனார். நான் அக்காவோடு இருந்தேன். பத்து மணி போல அத்தான் படியேறி வந்தார். முகத்தில் இரத்தமில்லை. அன்று நிறுத்த மருந்து நிறையில் சரியாகவே இருந்ததாம். ஆனால் கோதுக்குள் வழக்கத்தைவிட ஒரு நூல் கீழே நின்றதாம். "டப்பா மாறிப்போச்சு. தம்பியின்ர பெட்டியும் அதிலதான் செய்தனான்" என்றார். கணவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுடுகளத்தில் போனைக் காருக்குள் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

அத்தான் காரை விரட்டினார். நான் நல்லூர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கணவர் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார். "அண்ணை, இங்க பாருங்கோ! அஞ்சும் ஒரே ஓட்டை!" நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அத்தான் பெட்டியை வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்தார். அந்த நேரம் அவர் என் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்தைப் பின்வளவு மண்ணில் கொட்டிவிட்டதாக அக்காவிடம் சொன்னார். அந்தக் கடதாசி மட்டும் தராசுக்கு நேர் மேலே சுவரில் ஏறியது. அதன் பிறகு எத்தனை ஞாயிறு ஹீற்றரை நிறுத்தினாரோ, ஒரே ஓட்டை அவருக்கு ஒருமுறைகூட விழவேயில்லை. போன் எடுத்தால், "தம்பி வாறாரோ? அவற்ற கையில ஏதோ இருக்கு" என்பார். நான் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொன்னேன். போன இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை போனில் கூப்பிட்டார். குரல் கிழடுதட்டியிருந்தது. "இந்தச் சனி மட்டும் அவரை விடு பிள்ளை. ஒரேயொருக்கா." பாவமாக இருந்தது. "ஓம் அத்தான், வருவார்" என்றேன்.

வெள்ளி காலை மேசையிலேயே சாய்ந்து கிடந்தார். மாரடைப்பு.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு, பேஸ்மென்டை ஒதுக்கித் தரச் சொல்லி அக்கா கேட்டாள். துவக்குகளைக் கடைக்காரர் வந்து எடுத்துப்போய்விட்டார். அலுமாரித் தட்டுக்குப் பின்னால், பழைய துணிக்குள், மண்ணில் கொட்டிவிட்டதாகச் சொன்ன அந்த டப்பா இருந்தது. பாதிக்கு மேல் மருந்து இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஐந்து தோட்டாக்கள், துடைத்து மினுக்கி அடுக்கியபடி. மூடியில் ஒட்டிய கடதாசியில் அவருடைய முத்துமுத்தான எழுத்து: "தம்பிக்கு. சனி காலை."

பெட்டியைக் கையில் எடுத்தேன். அந்த மனிதர் என் திருமணத்தில் தாலியை எடுத்துக் கொடுத்தவர். ஐந்துக்கும் மருந்தை நிறுத்து, மூச்சைப் பிடித்து, பொறுமையாகச் செய்திருக்கிறார். நானும் ஓம் என்றிருக்கிறேன்.

"ஹீற்றரை நிப்பாட்டினியே?" என்று மேலேயிருந்து அக்கா கேட்டாள். "குளிருது."

நான் தொடவில்லை. ஆனால் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கடதாசிக்குக் கீழே தராசு வெறுந்தட்டோடு நின்றது. பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, பழைய பழக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

முள் மெல்ல ஆடியது.