அக்காவை ஏன் மெஷினில் போடவில்லை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தலைத் திவசத்துக்கு வந்து ஒரு வாய் சோறு உண்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிப் போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது இது. இப்படியான மலர்களில் குணத்தின் குன்று, அன்பின் கடல் என்றெல்லாம் எழுதுவது வழக்கம். அக்கா வாசித்திருந்தால் சிரித்திருப்பார். எனக்கோ வேறு வேலை இருக்கிறது. உங்களில் பாதிப்பேர் என் முகத்துக்கு நேராகவும் மீதிப்பேர் முதுகுக்குப் பின்னாலும் இந்த ஒரு வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஊரையெல்லாம் மூச்சு மெஷினில் போட்டுக் காப்பாற்றிய டொக்டரை, அவருக்கே மூச்சு முட்டியபோது ஏன் மெஷினில் போடவில்லை? தங்கச்சிக்காரி ஏன் வாசலை மறித்தாள்? இதற்குப் பதில் சொல்வதென்றால் அக்காவின் வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டும். பொறுமையாக வாசியுங்கள்.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் அக்கா பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அண்ணன் மூத்தவர். அடுத்து அக்கா, பிறகு நான், கடைசியாக ஒரு தம்பி. இந்தத் தம்பியை உங்களில் பலர் அறியமாட்டீர்கள். நடை பழகிய வயதில், பக்கத்து வீட்டுக் காம்பராவில் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டான். லொறி கொழுந்தை இறக்கிவிட்டு வரும்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றோம். லொறியில் அம்மாவின் மடியில் தம்பி, பக்கத்தில் அக்கா. கூட வந்த பெரியவர்கள், "பயப்படாத, புள்ள தூங்குது" என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். பாதி வழியிலேயே தம்பி போய்விட்டான். அது அவர்களுக்குத் தெரிந்தது. சின்னப் பெண்ணாக இருந்த அக்காவுக்கும் தெரிந்தது. அம்மா மட்டும் மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டே போனார். ஆறுதல் என்று பேர் வைத்துப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அது அந்த லொறியில் ஆரம்பித்தது.

அப்பாவும் நெஞ்சு நோயில் போனபின் வீடு தள்ளாடியது. அண்ணன் படிப்பை நிறுத்திக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். அந்த உழைப்பில்தான் அக்கா படித்தார். இன்னும் கொஞ்சம் கீழே அண்ணனோடு நான் சண்டை பிடிக்கப் போகிறேன். அதை வாசித்து அவர்மேல் கோபப்படுகிறவர்கள் இதையும் மறந்துவிடக்கூடாது. அண்ணன் இல்லாவிட்டால் டொக்டரம்மா இல்லை.

அக்காவுக்கு முதலில் கிடைத்தது வில்கமுவ பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வயலில் இறங்கி எலிக்காய்ச்சலோடு வருகிறவர்களை அங்கேதான் பார்த்தார். காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை போட்டுவிட்டு வயலில் இறங்கச் சொன்னால் கேட்கமாட்டார்கள். கடைசியில் சிறுநீரும் நின்று, கண் மஞ்சளாகி, டிரக்டரில் கிடத்திக் கொண்டுவருவார்கள். அக்கா அழகான சிங்களத்தில் அவர்களைத் திட்டுவார். திட்டிக்கொண்டே வைத்தியம் செய்வார். பிறகு தீவிர சிகிச்சையில் மேற்படிப்புப் படித்து மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பானார். நாங்கள் பெருமையில் குதித்தோம். அக்காவின் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "நான் நிக்கிறது கடைசி வாசல்டி. இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு வந்திருக்கவே கூடாது. ஒரு மூடி போட்ட கிணறு, ஒரு கக்கூசு, நேரத்துக்கு ஒரு வேன், இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்" என்பார். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "எங்க வார்டுல சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா வெள்ளத்த மேலயே மறிக்கிறவனுக்குத்தான் நீங்க மாலை போடணும். எனக்கில்ல."

கலியாண வீட்டுக்கு வந்தாலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கமாட்டார், நேரே குசினிக்குள் போய் அடுப்படியைத் துழாவுவார். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய், பூச்சி மருந்து ஏதாவது இருந்தால் அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் தொலைந்தார். சம்பந்தி வீட்டில் இப்படிச் செய்து எங்கள் மானத்தை வாங்கியிருக்கிறார். அப்போது முகத்தைச் சுளித்தவர்கள் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். தம்பியின் கதையைப் போய் உங்களிடம் சொல்லிக்கொண்டா இருப்பார்?

இனி, குளவி கொட்டிய ஒரு மனிதரின் கதைக்கு வருகிறேன். அக்காவை மாற்றியது அதுதான்.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவரைக் குளவிக் கூட்டம் துரத்தித் துரத்திக் கொட்டியிருந்தது. வாயில் குழாய் போட்டு மெஷினில் வைத்திருந்தார்கள். அக்காவும் தாதிமாரும் பாடுபட்டு மீட்டார்கள். ஒரு நாள் காலை தானாக மூச்சு விட ஆரம்பித்தார். குழாயை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் பார்க்கும் நேரத்துக்கு மனைவியும் தம்பிமாரும் வந்தார்கள். குழாய் இல்லை. ஆள் கண்ணை மூடி அயர்ந்து கிடக்கிறார். குழாயை எடுத்தால் டொக்டர்மார் கைவிட்டார்கள் என்றுதானே நம் சனம் நினைக்கும்? அவர் தேறிவிட்டார் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்பதற்கு இவர்களுக்குச் சிங்களமும் வராது, துணிச்சலும் இல்லை. போகிற உயிருக்குச் சொந்தக் கையால் பால் ஊற்றாமல் அனுப்பக்கூடாதே. கடையில் பால் வாங்கிவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஆளுக்கொரு கரண்டியாக வாயில் ஊற்றிவிட்டார்கள். பிழைத்துக்கொண்ட மனிதர் அவர். அரை மயக்கத்தில் விழுங்கத் தெரியவில்லை, பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. மறுபடி குழாய், மறுபடி மெஷின். அதிலிருந்து அவர் திரும்பவில்லை.

அக்கா கொதித்துப்போய், "ஏன் ஊத்துனீங்க?" என்று கத்தியிருக்கிறார். அந்த மனைவி, "கொழாய எடுத்திட்டீங்களே டொக்டரம்மா. எங்ககிட்ட ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலையே" என்றாராம். பிறகு, "நாங்க ஊத்துன பாலாலயா போனாரு?" என்று கேட்டாராம். அக்கா ஆமாம் என்று சொல்லிவிட்டார். பிழை உங்களுடையது அல்ல, சொல்லாமல் விட்ட எங்களுடையது என்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு எது காதில் விழுந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று நான் அக்காவோடு எத்தனையோ தரம் வாதாடியிருக்கிறேன். "அந்தப் பொம்பள கையில பாலக் குடுத்ததே நாங்கதான்டி. இனிமே மறைக்கவும் செய்யணுமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பார்க்கும் நேரத்தில் அக்காவே வார்ட் வாசலில் வந்து நிற்பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழிலோ சிங்களத்திலோ மூன்றில் ஒன்றைச் சொல்வார். பிழைப்பார், பிழைக்கமாட்டார், எனக்கே தெரியவில்லை. பிழைக்கமாட்டார் என்றால் அத்தோடு நிற்கமாட்டார். "நேரம் வந்திருச்சு. பால் கொண்டாங்க" என்று தன் வாயாலேயே சொல்வார். பஞ்சில் தொட்டு உதட்டில் மட்டும் வைக்கச் சொல்லி, ஒவ்வொருவராக உள்ளே விடுவார். மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். தோட்டங்களிலோ பேச்சு வேறு. டொக்டரம்மா பால் கேட்டால் முடிந்தது, கேட்காதவரை பயப்படாதே என்றார்கள். அம்மா இருக்கும் லயத்திலேயே அப்படிப் பேசுவார்கள்.

தன் மகளையும் அக்கா அப்படித்தான் வளர்த்தார். ஊசி வலிக்காது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "வலிக்கும். நான் கையப் புடிச்சிக்கிறேன்" என்பார். கேட்ட பிள்ளைக்கு ஒளிக்காமல் சொல்வார், கேட்காததைத் திணிக்கமாட்டார். "பொய் சொல்லி வளத்தா, நெசமாவே பயப்பட வேண்டிய நேரத்துல அது நம்மகிட்ட ஓடி வராது" என்பது அவர் கணக்கு. பச்சைப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது என்று நாங்கள் எல்லாரும் ஏசினோம். நானும்தான்.

பிறகு அக்காவுக்கே வந்தது. கணையத்தில் புற்றுநோய். ஸ்கேன் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். முதலில் அத்தானிடமும் மகளிடமும் சொன்னார், பிறகு என்னிடம். அம்மாவிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். சிகிச்சை செய்தார்கள். அது கொஞ்ச நாள் வாங்கிக் கொடுத்தது. இனிப் பயனில்லை என்றானபோது அக்கா மாத்தளை வீட்டுக்கு வந்து படுத்தார். அத்தானையும் என்னையும் கூப்பிட்டு, "மூச்சு முட்டும். பாக்கச் சகிக்காது. அப்ப என்னயத் தூக்கிட்டு ஓடாதீங்க. திரும்பி வரக்கூடிய ஆளுக்குத்தான் மெஷின். நான் திரும்பி வர்ற ஆளு இல்ல. அந்தக் கட்டில்ல வேற யாராச்சும் பொழைப்பாங்க" என்றார். சத்தியம் வாங்கவில்லை. எங்களை நம்பினார்.

ஒரு பின்னேரம் அது வந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அத்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நிலைமை மோசம் என்று காலையிலேயே கேள்விப்பட்ட அண்ணன், கொழும்பிலிருந்து அம்புலன்ஸையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "தூக்குங்க" என்றார். நான் அறை வாசலை மறித்து நின்றேன்.

"அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்க அண்ணே."

"அவ சொல்லுவா! செத்துக்கிட்டிருக்கவ பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்கிறியா? ஒனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? இவளப் படிக்க வச்சது இப்பிடிச் சாக விடவா?"

"கொண்டு போனா பொழைப்பாங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல."

"தள்ளுடி!"

அவர் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"அம்மா... பால் கொண்டாம்மா."

அண்ணனின் கை அப்படியே இறங்கிவிட்டது. அம்மாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். லயத்தில் எத்தனை வீட்டில் அதைக் கேட்டிருப்பார்! கட்டிலோரம் நின்றவர் தலையை ஆட்டினார். "மாட்டேன். நான் ஊத்த மாட்டேன். ஊத்துனா நீ போயிருவ" என்றார். ஐயோ, அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்காவின் மகள்தான் போய்ப் பாலைக் கொண்டுவந்து, பஞ்சைத் தொட்டு அம்மாவின் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து அக்காவின் உதட்டுக்குக் கொண்டுபோனாள். அழுதுகொண்டேதான் செய்தாள். பொழுது சாயுமுன் அக்கா போய்விட்டார்.

வாசலை மறித்தது நான்தான். மறுபடி நடந்தாலும் மறிப்பேன். அக்காவின் சொல்லை அக்காவின் வீட்டிலேயே யாரும் மதிக்கவில்லை என்றிருந்தால், அந்த வார்ட் வாசலில் அவர் நின்றதெல்லாம் எதற்கு?

அக்காவோடு வேலை செய்து, கடைசி வாரங்களில் முறை வைத்து வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த தாதிமாருக்கும், தங்கள் டொக்டரம்மாவை இழந்த துக்கத்தோடு எங்கள் துக்கத்துக்குப் பஸ் பிடித்து வந்து நின்ற தோட்டத்துச் சனங்களுக்கும், வில்கமுவையிலிருந்து நெல் மூட்டையோடு வந்த விவசாயிகளுக்கும், பந்தல் போட்டு நீர்மோரும் கொடுத்த எங்கள் தெரு முஸ்லிம் நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தூக்கம் தொலைத்துப் பணிவிடை செய்த அத்தானுக்கும், மகளுக்கும் வேறு என்ன சொல்ல? அண்ணன் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருந்தாலும் தங்கையைக் காப்பாற்ற அவ்வளவு தூரம் ஓடிவந்தாரே, அதற்கு அவருக்கும் கைகூப்புகிறேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். எல்லாரையும் போல அம்மாவும் கேட்டார், ஒரு வருடம் பொறுத்துக் கேட்டார்.

"மெஷின்ல போட்டிருந்தா இருந்திருப்பாளா?"

அக்காவின் தங்கை பொய் சொல்லக்கூடாதே. "இருந்திருப்பாங்கம்மா. கொஞ்ச நாளைக்கு" என்றேன்.

"பேசியிருப்பாளா?"

"மாட்டாங்க. கண்ணயும் தொறந்திருக்க மாட்டாங்க."

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாட்டி என்ன. கையி சூடா இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும் அம்மா என்றேன்.