நாலடிக் கம்பியோடு ஜோகுபாளையம் வரை

காலை 5.50. கோலார் தங்கவயல், கோரமண்டல் ஸ்டேஷன். தை மாதக் குளிர். பையப்பனஹள்ளிக்கு டிக்கெட் இருபது ரூபாய். தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் மகள் லூர்து டிக்கெட்டை என் சட்டைப்பையில் செருகினாள். பிறகு, பழைய பச்சைச் சேலையில் சுற்றிய நாலடிக் கம்பியை என் தோளில் சாய்த்தாள்.

"நைனா, நீ ஒண்ணும் பேச வேணாம். இத அவ வூட்ல வெச்சிட்டு வந்துடு. அவளுக்கே புரியும்."

"எதுக்குன்னு கேட்டா?"

"அம்மா ஆசப்பட்டுச்சின்னு சொல்லு. செத்தவங்க பேர்ல சண்ட போட மாட்டா."

அம்மா என்றால் என் மனைவி. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பயணத்துக்கே விட்டிருக்க மாட்டாள். அந்தக் கதை பிறகு வரும்.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் ரயிலேறினால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அது சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற எஃகுக் கம்பி. முனை தேய்ந்த பிறகு என் அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுரங்க வாசலில் சோதனை உண்டு. நாலடிக் கம்பியை வேட்டிக்குள் எப்படி மறைத்தார், காலை மடக்காமல் எப்படி நடந்தார் என்பதைச் சாகும்வரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு உத்திரங்கள் ஓடும். அவற்றின் மேல் குறுக்கே கம்பியை வைத்துச் சேலையை முடிந்தால் தூளி. லைனில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், புதுப்பெண் வந்த மறுமாதம் இந்தக் கம்பியை எடுத்துப்போய் அந்த வீட்டு உத்திரத்தில் ஏற்றிவிடுவார்கள். வாயைத் திறந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. கம்பி போனாலே கேட்டதாக அர்த்தம்.

இப்போது அது ஜெசியிடம் போகிறது. ஜெசி லூர்துவின் மூத்த மகள். வயது முப்பத்து நாலு, கல்யாணமாகி எட்டு வருஷம். ஜப்பான் பாஷை படித்து, பெங்களூரில் ஒரு ஜப்பான் கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை. பிள்ளை இல்லை. லூர்து வியாழக்கிழமை தவறாமல் பெங்களூர் விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் வைத்தியம் கேட்டாள். போன ஈஸ்டர் அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் பிள்ளை எப்போது என்று மகளிடமே கேட்டுவிட்டாள். ஜெசி பாதிச் சோற்றில் எழுந்து போனவள்தான். அன்று முதல் அம்மாவோடு பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மட்டும் போன் செய்வாள். இந்த வீட்டுக்கும் அவளுக்கும் திறந்திருக்கிற கதவு அது ஒன்றுதான். அதையும் இந்தக் கம்பியை வைத்துச் சாத்திவிடுவேனோ என்ற பயத்தோடுதான் ரயிலேறினேன்.

காலை 6.25. பங்காருபேட்டை. வேலைக்குப் போகிற கூட்டம் ஏறியது. எதிரே உட்கார்ந்த பெண் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடப்பாரையா தாத்தா? இன்னிக்கி எந்த பேங்க்?"

பெட்டியே சிரித்தது. தூளிக் கம்பி என்று சொன்னேன். அவள் பெயர் சுமதி. ஒயிட்ஃபீல்டில் பெரிய அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலை. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். வயசானவன் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை என்ற தைரியம்தான்.

"ஒண்ணே ஒண்ணு. காலைல நாலரைக்கு எழுந்துக்கிறேன், ராத்திரி எட்டரைக்கி வூட்டுக்குப் போறேன். ரெண்டாவது வேணும்னா இந்த ட்ரெயின்லதான் பெத்துக்கணும்."

"டேக்கல் ஸ்டேஷன்ல நோவு எடுத்தா அடுத்து மாலூர்ல பொறந்துடும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பொழுது போகாமல் ஒவ்வொருவராகக் கேட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் இருபக்க இருக்கையிலும் சேர்த்து என்னைத் தவிர எட்டுப் பேர். எட்டுப் பேரும் பெற்றது மொத்தம் ஏழு பிள்ளைகள். என் அம்மா ஒருத்தியே பதினொன்று பெற்றாள். நாலு மண்ணுக்குப் போனது, ஏழு தங்கினோம். நான் ஐந்து பெற்றேன். லூர்து இரண்டு. ஒரே குடும்பத்தில், என் கண் முன்னாலேயே, சுரங்கக் கூண்டு இறங்குகிற மாதிரி எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. கூண்டு இறங்கும்போது காது அடைக்கும். இது இறங்கியது எங்கள் யாருக்கும் தெரியவே இல்லை.

காலை 7.55. பையப்பனஹள்ளி. மெட்ரோவில் ஹலசூரு மூன்றாவது ஸ்டேஷன், பத்து நிமிஷம்கூட ஆகாது என்று ஜெசி சொல்லியிருந்தாள். பையைப் பரிசோதிக்கிற இடத்தில் காக்கிச் சட்டை போட்ட பெண் கையை நீட்டி மறித்தாள்.

"தாத்தா, கப்பிண ஒளகே பிடல்லா."

இரும்பை உள்ளே விட மாட்டார்களாம். குழந்தைத் தொட்டிலுக்கம்மா என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எஷ்டு திங்களு?" என்றாள். எத்தனை மாசம் என்று கேட்கிறாள். என்ன சொல்வது? கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவுக்கு நூற்று நாற்பது ரூபாய். டிரைவர் நடுத்தர வயது பாய். என் பக்கத்தில் இருந்த கம்பியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். "சீட்டு கிழிஞ்சா நூத்தி நாப்பது பத்தாது, பெரியவரே" என்றதோடு சரி.

காலை 8.40. ஜோகுபாளையம். ஓர் ஆட்டோ மட்டும் போகிற சந்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்த ஜெசி என்னைப் பார்க்கவில்லை. முதலில் பச்சைச் சேலையைத்தான் பார்த்தாள். அவள் தூங்கி வளர்ந்த சேலை அது. லூர்து வேண்டுமென்றேதான் அதில் சுற்றியிருந்தாள்.

"உள்ள வா தாத்தா."

நான் கம்பியைத் தூக்கினேன்.

"அது வெளியிலயே இருக்கட்டும்."

செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். ஜெசி காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. மாப்பிள்ளை பீட்டர் வேலைக்குப் போயிருந்தார். ஆனால் வீட்டில் இன்னொருவர் இருந்தார். வெள்ளைத் தலை, சின்ன உருவம், என்னைக் கண்டதும் எழுந்து குனிந்து வணங்கினார். ஜெசியின் மேலதிகாரியின் தாயார், பெயர் கியோகோ. ஒரு மாதத்துக்கு மகனைப் பார்க்க வந்திருக்கிறாராம். இன்றைக்குப் போல, சனிக்கிழமைகளில் ஜெசிதான் அவரை ஹலசூரு மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவாளாம். வெளியாள் இருந்ததால் எங்கள் சண்டை காத்திருந்தது.

ஜப்பான்காரர்களிடம் ஒரு பழக்கம். கழற்றிப்போட்ட செருப்பைக் கண்டால் விட மாட்டார்கள். வெளியே போகும்போது காலை நுழைக்க வசதியாகத் திருப்பி வைப்பார்கள். கியோகோ அம்மா என் செருப்பைத் திருப்பி வைக்க வாசலுக்குப் போனார். போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், சேலையை விலக்கிவிட்டுக் கம்பியின் தேய்ந்த முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறார். பிறகு நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சுரங்கத்துக்காரன் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் அப்படித் தட்டத் தெரியும்.

ஏதோ வேகமாகச் சொன்னார். ஜெசி என்னைப் பார்த்தாள்.

"பாறை தொளைக்கிற கம்பிதானேன்னு கேக்கறாங்க. அவங்க அப்பாவும் மைன்ஸ்தானாம் தாத்தா. நிலக்கரி. அந்த மைன்ஸையும் மூடிட்டாங்களாம்."

கியோகோ அம்மா கம்பியைத் தானே தூக்கிவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். மேலதிகாரியின் அம்மாவை ஜெசி எப்படித் தடுப்பாள்? இது எதற்கு என்று அவர் கேட்டார். நான் காப்பி டம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினேன். கடைசியில் ஜெசியே சொல்ல வேண்டியதாயிற்று. யாருக்காக வந்ததோ, அவளே தன் வாயால் அந்தக் கம்பியின் அர்த்தத்தை இன்னொரு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தாழ்ந்தது.

கியோகோ அம்மா சிரிக்கவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. விரலை நீட்டி, உங்கள் அம்மாவுக்கு எத்தனை என்று என்னைக் கேட்டார். நான் மூடிய கையிலிருந்து ஒவ்வொரு விரலாக நீட்டி, பத்தும் தீர்ந்ததும் மறுபடி ஒன்றை நீட்டிப் பதினொன்று காட்டினேன். அவர் எண்ணுகிற விதமே வேறு. விரிந்த கையில் ஒவ்வொரு விரலாக மடக்குகிறார். ஐந்தானதும் கை மூடிக்கொள்கிறது. ஆறுக்குச் சுண்டுவிரலைத் திரும்ப நீட்டுகிறார். அவர் அம்மாவுக்கு ஆறு. எனக்கு ஐந்து, அவருக்கு ஒரு மகனும் ஒரு மகளுமாக இரண்டு. ஏன் இரண்டு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் இரண்டுதான், யாரும் சொல்லித்தரவில்லை என்றார். லூர்துவுக்கு இரண்டு, அவர் மகனுக்கு ஒன்று.

"நாங்க ஒரு தலைமுறை பிந்தி வர்றோம்னு சொல்லு" என்றேன்.

ஜெசி சொன்னாள். அவர் தலையாட்டினார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் இருந்தார்களாம். பிறகு பள்ளி முழுவதுக்குமே எட்டு. பிறகு மூடிவிட்டார்கள். இப்போது அதே கட்டடத்துக்கு, காலையில் கிழவர் கிழவிகளோடு உடற்பயிற்சி செய்யப் போகிறாராம். எங்கள் ஊரில் சுரங்கம் மூடியும் பள்ளிக்கூடம் மூடவில்லை; விடியும் முன்னே ரயில் நிறைகிற அளவுக்கு ஜனம் இருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பேரும் ஏழு பிள்ளைகளும் என் நினைவுக்கு வந்தார்கள்.

"உங்க மகளுக்கு?" என்றேன்.

கியோகோ அம்மா கையை நீட்டி அப்படியே வைத்தார். ஒரு விரலும் மடங்கவில்லை. ஒன்றுமில்லை என்றால் அவர்களுக்கு விரிந்த கை. பிறகு ஜெசியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் கையைக் காட்டினேன். ஒன்றுமில்லை என்றால் எங்களுக்கு மூடிய கை.

பிறகு அவர் நிதானமாக ஏதோ சொன்னார். ஜெசி பாதியில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அவங்க பொண்ணுகிட்ட அவங்களும் கேட்டாங்களாம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும். பொண்ணு இருக்கற ஊரு ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம்தானாம். இப்ப வர்றதே இல்லியாம்."

மேசையில் கம்பி கிடந்தது.

என் மனைவியின் கதையை இங்கேதான் சொன்னேன். ஐந்தாவது பிள்ளை நடக்கத் தொடங்கிய அன்று, அவள் முக்காலிமேல் ஏறிக் கம்பியை உத்திரத்திலிருந்து தானே இறக்கிக் கட்டிலுக்கடியில் போட்டாள். "போதும்" என்றாள். அவ்வளவுதான். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. முட்டாள் நான். என் அம்மாவுக்கு அப்படி இறக்கத் துணிவு இல்லை. பதினொன்றாவது என்று தெரிந்த அன்று, தண்ணீர்க் குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஜெசியிடமோ கேட்காத ஆளில்லை. ஆனால் அவள் பதிலை யாரும் கேட்டதில்லை.

"நீ சொல்லு" என்றேன். "கேட்டுக்கறேன். திருப்பி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம் தாத்தா. எனக்கும் பீட்டருக்கும் கொறை ஒண்ணும் இல்ல. டாக்டர், மெழுகுவர்த்தி, எதுவும் வேணாம். யோசிச்சிதான் சொல்றோம். வேணாம்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. எங்களுக்குத் தெரியாமலே எறங்கினோம். நீ யோசிச்சி எறங்கற."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "அம்மாதான குடுத்து அனுப்பிச்சா?"

"அவ குடுத்தா. நான் தூக்கிட்டு வந்தேன். தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்."

பகல் 1.30. மீன் குழம்புச் சாப்பாடு முடிந்தது. கம்பி திரும்பிப் போக வேண்டும். தோளைத் தேய்த்துக்கொண்டு எழுந்தேன். ஜெசி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இரு. நானும் வர்றேன்."

"ஸ்டேஷன் வரைக்குமா?"

"வூட்டு வரைக்கும். அவ கேட்டான்னா அடுத்த ட்ரெயின்ல திரும்பிடுவேன். சொல்லிட்டேன்."

கியோகோ அம்மா ஒரு டப்பா இனிப்பு கொடுத்தார். அவரை மகன் வீட்டில் விட்டுவிட்டு, மார்க்கெட்டில் நூல்கோலும் அவரைக்காயும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். பையைக் கம்பியின் நடுவில் மாட்டி, ஒரு முனை அவள் தோளிலும் ஒரு முனை என் தோளிலுமாகப் பையப்பனஹள்ளி பிளாட்பாரத்தில் நடந்தோம். பை நடுவில் ஆடிக்கொண்டே வந்தது.

மாலை 5.20. லைன் வீடு. லூர்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கம்பியைப் பார்த்தாள், பிறகு கம்பியின் மறுமுனையை. முறம் கையிலேயே நின்றது. வாயைத் திறந்தாள். ஜெசியின் கை பையின் காதை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன்.

"ஏன் நைனா, இதத் திரும்பத் தூக்கிட்டு வந்த?" என்று என்னைத்தான் கேட்டாள்.

ஜெசி பதில் சொன்னாள். "எங்க வூட்ல உத்திரம் இல்லம்மா. எல்லாம் காங்கிரீட்டு. இத வெக்க எடமே கெடையாது."

லூர்து மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். முட்டாள் இல்லை என் மகள். புரிந்துகொண்டாள், விழுங்க நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

"உத்திரம்கூட இல்லாத வூட்டுக்கா அவ்ளோ வாடக குடுக்கறீங்க?"

"நீ வந்து ஓனர்கிட்ட பேசு."

"வர்றேன். பேசாம வுட்ருவேனா? நூல்கோல் என்ன வெல?"

இருவரும் நூல்கோல் விலையைப் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். நான் கம்பியைச் சேலையோடு கட்டிலுக்கடியில், என் மனைவி போட்ட இடத்திலேயே தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் கியோகோ அம்மா ஊருக்குத் திரும்புகிறார். அவர் மகள் இருக்கிற ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ஜெசிக்கும் எங்களுக்கும் இடையிலும் அதே இரண்டு மணி நேரம்தான்.